கார்டு பாக்கிக்கு கோர்ட் சம்மன் வந்தால்

கிரெடிட் கார்டு பாக்கி வழக்கில் வங்கிக்கு ஆகச் சுலபமாகக் கிடைக்கும் தீர்ப்பு, எதிர்த் தரப்பில் யாரும் வராத நாளில் கிடைப்பது. வாய்தா அன்று கோர்ட் வாசலில் டவாலி மூன்று முறை பெயரைக் கூப்பிடுவார். பதில் வராது. ‘பிரதிவாதி அழைக்கப்பட்டார், ஆஜரில்லை, எக்ஸ்பார்ட்டி’ என்று குறிப்பு ஏறும். பிறகு வங்கி அதிகாரி ஒருவர் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்வார். கேட்ட அசல், போட்ட வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேர்ந்து தீர்ப்பாணை ஆகிவிடும். கேள்வி கேட்க ஆள் இல்லாத கணக்கை நீதிபதி தானாக வரிவரியாகச் சரிபார்ப்பது அரிது.

வராமல் இருந்தவர்கள் எல்லோரும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். வேலை போனவர்கள், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்ததால் ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டைத் தேய்த்தவர்கள், ‘வாங்கியது உண்மைதானே, கோர்ட்டில் போய் என்ன சொல்வது’ என்று கூசி ஒதுங்கியவர்கள்தான் அதிகம். கடன் உண்மையாகவே இருந்தாலும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. எவ்வளவு பாக்கி, எந்த வட்டி, எத்தனை தவணை, வழக்கு உரிய காலத்தில் போடப்பட்டதா, சரியான ஊரில் போடப்பட்டதா என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை கோர்ட்டில்தான் முடிவாகும். விடை சொல்லும் உரிமை ஆஜரானவருக்கே உண்டு.

கையில் இருப்பது என்ன காகிதம்?

பாக்கி விழுந்த கார்டுதாரருக்கு வரும் தபால்களில் பல வகை உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

வக்கீல் நோட்டீஸ் என்பது வங்கி தன் வழக்கறிஞர் மூலம் அனுப்பும் கோரிக்கை. வழக்கு இன்னும் தொடங்கவில்லை. மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் கடிதம் சமரசத்துக்கான அழைப்பு. கார்டு பாக்கிக்காக காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின் கீழ் 15 நாள் கெடுவுடன் நோட்டீஸ் வரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கக் கொடுத்த ஒப்புதல் பணமில்லாமல் திரும்பினாலும், 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 25-ஆம் பிரிவின்படி அதே போன்ற நடவடிக்கை வரலாம். இவை இரண்டும் குற்றவியல் சார்ந்தவை. இந்த நோட்டீஸ் கிடைத்த அன்றே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

உரிமையியல் வழக்கின் சம்மனுக்கு அடையாளங்கள் உண்டு. நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி, நீதிமன்ற முத்திரை, நீதிபதி அல்லது அவர் நியமித்த அலுவலரின் கையெழுத்து ஆகியவை அதில் இருக்கும். கூடவே வங்கி தாக்கல் செய்த பிராதின் நகலும் வர வேண்டும். பிராது நகல் இல்லாத சம்மன் முழுமையானது அல்ல. வழக்கறிஞர் மூலம் நகல் கேட்டு மெமோ போடலாம்.

வாட்ஸ்அப்பில் சிங்க முத்திரையோடு வரும் ‘கைது உத்தரவு’களைக் கண்டு பலர் கலங்கிப்போகிறார்கள். அவற்றைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். இந்தியாவின் மாவட்ட நீதிமன்றங்களில் பதிவாகும் ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எனப்படும் 16 இலக்க அடையாள எண் உண்டு. ‘இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்’ செயலியில் அந்த எண்ணையோ, வழக்கு எண்ணையோ, தரப்பினர் பெயரையோ இட்டால் வழக்கு எந்த நீதிமன்றத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதில் தென்படாவிட்டால் அந்த நீதிமன்ற அலுவலகத்தில் நேரில் விசாரித்து உறுதி செய்யலாம். கார்டு பாக்கிக்காக மட்டும் போலீஸ் வந்து கைது செய்வதாகச் சொல்வது வெறும் மிரட்டல். பணம் கட்டாதது உரிமையியல் பொறுப்பு. பொய் ஆவணம் கொடுத்துக் கார்டு வாங்கியது போன்ற தனிக் குற்றம் இருந்தால்தான் போலீஸுக்கு அங்கே வேலை.

வாங்க மறுப்பதால் வழக்கு நிற்காது

‘கையெழுத்துப் போடாதே, திருப்பி அனுப்பிவிடு’ என்பது ஊரில் பரவலாகக் கிடைக்கும் யோசனை. அது கெடுதலில்தான் முடியும். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளை இதற்கெல்லாம் வழி செய்து வைத்திருக்கிறது. கார்டுதாரர் வீட்டில் இல்லாமல், விரைவில் வரும் வாய்ப்பும் இல்லையென்றால் கூட வசிக்கும் வயது வந்த குடும்பத்தாரிடம் சம்மனைக் கொடுக்கலாம். வாங்க மறுத்தால் அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். பதிவுத் தபால் ‘மறுத்தார்’ என்ற குறிப்புடன் திரும்பினால் சார்வு செய்யப்பட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ஆள் தலைமறைவாக இருப்பதாகத் தெரிந்தால் நாளிதழில் விளம்பரம் செய்யவும் உத்தரவிடலாம்.

வாங்கிய தேதியைச் சம்மனின் உறையிலேயே எழுதி வைப்பது நல்லது. ஆஜராவதற்கும் எதிருரைக்குமான நாட்கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

நாட்கணக்கு

சாதாரண அசல் வழக்கில் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம்.

சம்மனில் ‘கட்டளை 37’ என்றோ ‘சுருக்க விசாரணை வழக்கு’ என்றோ இருந்தால் அவகாசம் மிகக் குறைவு. எழுத்து ஒப்பந்தத்தின் அடிப்படையில் குறிப்பிட்ட தொகையைக் கேட்கும் வழக்குகளை இப்படிப் போடலாம். இதில் 10 நாளுக்குள் ஆஜராகி, தபால் பெறும் முகவரியைத் தாக்கல் செய்ய வேண்டும். அடுத்து வங்கி ‘தீர்ப்புக்கான சம்மன்’ அனுப்பும். அது கிடைத்த 10 நாளுக்குள், தனக்கு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது என்று பிரமாணப் பத்திரம் போட்டு, எதிர்வழக்காட அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கேட்காவிட்டால் சாட்சி விசாரணையே இல்லாமல் வங்கிக்குத் தீர்ப்பாகிவிடும்.

3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகையைச் சில வங்கிகள் வணிக வழக்காகத் தாக்கல் செய்கின்றன. அங்கே எதிருரைக்கு 120 நாள்தான் கடைசி எல்லை. 121-ஆம் நாள் எதிருரையை ஏற்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி 20 லட்சத்தைத் தொட்டால் வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தை விட்டுக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும். கார்டு பாக்கிகளில் அந்த அளவுக்குப் போவது குறைவு.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்ற காரணத்தால் இந்த நாட்களைத் தவறவிடக் கூடாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பைப் பார்த்து உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இந்த ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. உதவி எண் 15100.

பிராதில் பார்க்க வேண்டிய நான்கு இடங்கள்

முதலாவது, வழக்குப் போட்டது யார்? கார்டு கொடுத்த வங்கியே வாதியா, அல்லது வாராக்கடனை விலைக்கு வாங்கிய சொத்து மறுசீரமைப்பு நிறுவனமா? பெயர் மாறியிருந்தால், கடன் கைமாறியதற்கான பத்திரத்தை அந்த நிறுவனம் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான கணக்குகள் ஒரே பத்திரத்தில் கைமாறுவதால், இணைப்புப் பட்டியலில் இந்தக் குறிப்பிட்ட கார்டு எண் இருக்கிறதா என்று கேட்பது முறையான கேள்வி.

இரண்டாவது, எந்த ஊரில்? கார்டுதாரர் வசிக்கும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் முழுவதுமாகவோ பகுதியாகவோ எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். ‘இந்த நகர நீதிமன்றங்களுக்கே அதிகாரம்’ என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், இயல்பாகவே அதிகாரமில்லாத நீதிமன்றத்துக்கு அந்த வரி அதிகாரம் தந்துவிடாது. இந்த ஆட்சேபத்தை முதல் வாய்ப்பிலேயே எழுப்ப வேண்டும். பிறகு சொன்னால் எடுபடாது.

மூன்றாவது, காலவரம்பு. கார்டு பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டு. இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதல் கண்ணி கொரோனா காலம். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் காலவரம்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2022 ஜனவரி 10 உத்தரவு. தவணை தவறிய தேதி 2019 ஜூன் 10 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக 2022 ஜூனில் காலம் முடிந்திருக்கும். அந்த உத்தரவின்படி, 2020 மார்ச் 15 அன்று மிச்சமிருந்த ஏறக்குறைய இரண்டே கால் ஆண்டு 2022 மார்ச் 1 முதல் மறுபடி ஓடத் தொடங்குகிறது. ஆக, 2024 மே மாதம் வரை வங்கிக்கு நேரம் இருந்தது. 2023இல் வந்த வழக்கைக் ‘காலாவதி’ என்று நம்பி ஒதுக்கியிருந்தால் நஷ்டம் கார்டுதாரருக்கே.

இரண்டாவது கண்ணி வசூல் ஏஜென்ட் கேட்கும் ‘ஒரு ஐந்நூறு ரூபாயாவது போடுங்கள் சார்’. காலம் முடிவதற்கு முன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு தொடங்கும். எழுத்து ஆதாரத்தோடு கட்டிய சிறு தொகைக்கும் அதே பலன். காலம் முடிந்த பிறகுங்கூட ‘கட்டிவிடுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகவே செல்லும். எனவே சம்மன் வருவதற்கு முன்பும் பின்பும் கடிதமோ மின்னஞ்சலோ எழுதும்போது வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம். காலம் கடந்த வழக்கை, பிரதிவாதி சொல்லாவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது காலவரம்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. என்றாலும் அதை எதிருரையில் தேதிகளோடு எழுதி வைப்பதே பாதுகாப்பு.

நான்காவது, கணக்கு. இது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

ஸ்டேட்மென்டைப் பிரித்து எழுதுவது

இந்தியாவில் பல கார்டுகளின் வட்டி மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம்; ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம். மாதம் 3.5 சதவீதம் வட்டி மேல் வட்டியாக ஏறினால் 1 லட்ச ரூபாய் ஓராண்டில் சுமார் 1.51 லட்சம், இரண்டாண்டில் 2.28 லட்சம். அபராதமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இதற்கு மேல்.

வழக்கில் கேட்டிருக்கும் ஒற்றைத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்க, முதல் ஸ்டேட்மென்டிலிருந்து கடைசி ஸ்டேட்மென்ட் வரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு நீள நோட்டில் ஆறு கட்டம் போட வேண்டும். பொருள் வாங்கியது, ரொக்கமாக எடுத்தது, கட்டியது, வட்டி, அபராதமும் இதர கட்டணமும், ஜி.எஸ்.டி. ஓர் உதாரணக் கணக்கு: வழக்குத் தொகை ரூ.1,85,000. வாங்கிய பொருள் ரூ.1,20,000. கட்டியது ரூ.70,000. அப்படியானால் கையில் வாங்கியதில் திரும்பாத பணம் ரூ.50,000, மீதி ரூ.1,35,000 வட்டியும் கட்டணமும் வரியும். இந்த ஒரு பக்கத் தாள் எதிருரைக்கும் உதவும், பிறகு சமரச மேசையிலும் உதவும்.

கட்டம் போட்டு எழுதும்போது சில தவறுகள் கண்ணில் படும். கட்டாத கட்டணம், அபராதம், வரி ஆகியவற்றை அசலோடு சேர்த்து அதன் மேலும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட கார்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. தாமத அபராதத்தை, கெடு தேதிக்குப் பின் நிலுவையில் நிற்கும் தொகையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். கார்டுதாரரின் சம்மதமில்லாமல் கடன் வரம்பை உயர்த்தக் கூடாது. கேட்காமலே சேர்த்த காப்பீட்டுப் பிரீமியம் பல கணக்குகளில் மாதாமாதம் ஏறிக்கொண்டே போயிருக்கும். இவற்றில் எது நடந்திருந்தாலும் மாதத்தையும் தொகையையும் குறித்து எழுத வேண்டும்.

மோசடிப் பரிவர்த்தனைகள் இன்னும் முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறும் கார்டுதாரரின் தவறும் இல்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்திருந்தால் கார்டுதாரருக்குப் பொறுப்பே இல்லை. பொறுப்பு உண்டென்று நிரூபிக்கும் சுமை வங்கியின் மேல். அன்று கொடுத்த புகார் எண்ணும் சைபர் கிரைம் ரசீதும் இருந்தால் அவை எதிருரையோடு போக வேண்டிய ஆவணங்கள்.

எதிருரை: மறுப்பு எப்படி இருக்க வேண்டும்

‘பிராதில் கண்டவை யாவும் பொய், மறுக்கிறேன்’ என்ற ஒற்றை வரி எதிருரைகள் கோர்ட்டில் நிற்பதில்லை. ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக மறுக்க வேண்டும், பூசி மெழுகிய மறுப்பு ஒப்புதலாகவே கருதப்படலாம் என்கிறது 8-ஆம் கட்டளை.

பிராதின் 6-ஆம் பத்தியில் ‘பிரதிவாதி 31.03.2023 அன்று ரூ.1,85,000 செலுத்தக் கடமைப்பட்டிருந்தார்’ என்று இருப்பதாகக் கொள்வோம். அதற்குப் பதில் இப்படி அமையலாம்: “பிராதின் 6-ஆம் பத்தியில் கண்ட தொகை சரியல்ல. பிரதிவாதி கார்டைப் பயன்படுத்தியதை மறுக்கவில்லை. அத்தொகையில் ரூ.1,35,000 வட்டி, கட்டணம், வரியாகும். கட்டணங்களின் மேல் வட்டி விதிக்கப்பட்டுள்ளது. அதற்கான மாதவாரி விவரம் இணைப்பில் உள்ளது. 2021 நவம்பரில் பிரதிவாதி செலுத்திய ரூ.12,000 வரவு வைக்கப்படவில்லை.” உண்மையை ஒப்புக்கொண்டு, தவறை மட்டும் எண்ணோடு மறுக்கும் எதிருரையை நீதிபதி நின்று படிப்பார். கார்டே வாங்கவில்லை என்று பொய் சொன்னால், கையெழுத்திட்ட விண்ணப்பத்தை வங்கி எடுத்துக் காட்டிய நொடியில் மற்ற நியாயங்களும் அடிபட்டுப்போகும்.

எதிருரையில் விடுபடக் கூடாத இன்னொரு வரி உண்டு. கார்டு வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் பயன்பட்டது, தொழிலுக்காக அல்ல என்பது உண்மையானால் அதை எழுத வேண்டும். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின் பொது விதி; கடன் வாங்கியவரின் தொழில் அல்லது வணிகம் சார்ந்த பொறுப்பாக இருந்தால்தான் அதற்கு மேல் போகலாம். வழக்கு நடக்கும் காலத்து வட்டியும் நீதிபதி நியாயமெனக் கருதும் அளவுக்குத்தான். 42 சதவீதம் என்று கேட்ட வழக்கில் இந்த ஒரு வரிக்கு எத்தனை ஆயிரம் ரூபாய் பெறுமானம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சாட்சி விசாரணையில் வங்கி தாக்கல் செய்யும் ஸ்டேட்மென்ட் கணினி அச்சு. அதனுடன் வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டத்தின்படியான சான்றும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆவணத்தை மார்க் செய்யும் அந்த நேரத்திலேயே ஆட்சேபிக்க வேண்டும்.

கோர்ட்டில் எடுபடாதவை

வட்டி அநியாயம் என்ற வாதம் மனதுக்கு நியாயமாகப் படலாம். ஆனால் வங்கியின் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் கணக்கை மறுபடி திறக்க, வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு நீதிமன்றத்தை அனுமதிப்பதில்லை. கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்ன தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. விகிதத்தைத் தாக்குவதை விட, கணக்கிட்ட விதத்தில் உள்ள தவறைக் காட்டுவதே பலன் தரும்.

வேலை இல்லை என்பது கடனை ரத்து செய்யும் காரணமல்ல; தவணை கேட்க நல்ல காரணம். வசூல் ஏஜென்டுகளின் தொல்லையும் பாக்கியை அழிக்காது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைப்பது, உறவினரையும் சக ஊழியரையும் அவமானப்படுத்துவது ஆகியவற்றை ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. அதற்கான புகார் முதலில் வங்கிக்கும், 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கும் போக வேண்டும். அந்தப் புகார் தனி. எதிருரைக் கெடு தனி.

நடுவர் நோட்டீஸ் வந்திருந்தால்

பல கார்டு ஒப்பந்தங்களில், தகராறு வந்தால் வங்கி நியமிக்கும் ஒற்றை நடுவர் தீர்ப்பார் என்ற ஷரத்து இருக்கிறது. எங்கோ ஒரு நகரத்திலிருந்து முன்பின் தெரியாத வழக்கறிஞர் ‘நான்தான் நடுவர்’ என்று கடிதம் அனுப்புவது இப்படித்தான். முடிவில் ஆதாயமுள்ள தரப்பு தன் விருப்பப்படி ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் 2019 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஒருதரப்பு நியமனத்துக்கு எதிராகவே சொன்னது.

அதற்காக நோட்டீஸைக் குப்பையில் போடக் கூடாது. ‘இந்த நியமனத்தை நான் ஏற்கவில்லை’ என்று பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் நடுவருக்கும் வங்கிக்கும் உடனே எழுத வேண்டும். சம்மதக் கடிதம் என்று எதை நீட்டினாலும் கையெழுத்திடக் கூடாது; தகராறு எழுந்த பிறகு எழுத்தில் கொடுக்கும் சம்மதம் இந்த ஆட்சேபத்தையே இல்லாமல் செய்துவிடும். நடுவர் தீர்ப்பு வந்துவிட்டால் அதை எதிர்க்க 3 மாதம். தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 30 நாள்.

சமரசம் பேசும் நேரம்

எதிருரை தாக்கலான பிறகு வங்கியின் குரல் இறங்கும். சாட்சியைக் கூட்டி வர வேண்டும், ஆவணம் தேட வேண்டும், வருடங்கள் ஆகும் என்பது வங்கிக்கும் தெரியும். தமிழ்நாட்டில் வழக்குத் தொகையில் 3 சதவீதத்தைக் கோர்ட் கட்டணமாகக் கட்டித்தான் வங்கி வழக்குப் போடுகிறது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தரப்பினர் தாமாகச் சமரசம் செய்துகொண்டாலும் கட்டணம் திரும்ப வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் உறுதி செய்தது. பேச்சில் இதை நினைவுபடுத்தலாம்.

சமரசம் பேசப் போகும்போது ஆறு கட்டத் தாளையும், உண்மையாகக் கட்ட முடிகிற மாதத் தொகையையும் கொண்டு போக வேண்டும். மேசையில் உற்சாகத்தில் பெரிய தொகைக்கு ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் தவறினால் நிலைமை முன்னை விட மோசமாகும். மக்கள் நீதிமன்றத் தீர்வு தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ‘ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகையும் வட்டியுடன் உடனே செலுத்த வேண்டும்’ என்ற வரி அதில் இருந்தால், இரண்டு தவணையாவது விட்டுக்கொடுக்கும்படி மாற்றக் கேட்க வேண்டும். சமரசக் கடிதம் வங்கியின் லெட்டர்ஹெட்டில், அதிகாரமுள்ளவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது.

சமரசம் கூடி வராவிட்டாலும் 20-ஆம் கட்டளை 11-ஆம் விதி இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும்போதே தொகையைத் தவணையாகக் கட்ட நீதிபதி அனுமதிக்கலாம். தீர்ப்பு வந்த பிறகு என்றால் வங்கியின் சம்மதமும் வேண்டும். ஆகவே அந்தக் கோரிக்கையை எதிருரையிலேயே வைப்பது புத்திசாலித்தனம்.

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டிருந்தால்

ஆஜராகாத குறிப்பு மட்டும் ஏறி, தீர்ப்பு இன்னும் வராத நிலையில், அடுத்த வாய்தாவுக்குள் 9-ஆம் கட்டளை 7-ஆம் விதியின்படி மனுப் போட்டு வழக்கில் நுழையலாம். ஒருதலைத் தீர்ப்பே வந்துவிட்டால் அதே கட்டளையின் 13-ஆம் விதிப்படி செட் அசைடு மனு. அதற்கு அவகாசம் தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகவே இல்லையென்றால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். தாமதமானால் தனியாக மன்னிப்பு மனு வேண்டும். வீடு மாறியதற்கான வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி போன்ற தாள்கள்தான் இந்த மனுவுக்கு உயிர். பழைய விலாசத்துக்குச் சம்மன் போனதாலேயே ஒருதலைத் தீர்ப்பு வாங்கியவர்கள், வங்கிக்குப் புதிய விலாசம் தெரிவித்த மின்னஞ்சல் இருந்தால் அதையும் இணைக்க வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு எதைத் தொடலாம், எதைத் தொட முடியாது

வங்கி நிறைவேற்று மனுப் போட்டால் சம்பளம், வங்கி இருப்பு, வாகனம், சொத்து ஆகியவற்றை ஜப்தி செய்யக் கேட்கலாம். அதற்கும் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு வேலி போட்டிருக்கிறது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாதவை. பிடித்தம் 24 மாதம் முடிந்துவிட்டால், அந்தத் தீர்ப்புக்காக அந்தச் சம்பளத்தில் மறுபடி கை வைக்க முடியாது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, அரசு ஓய்வூதியம், கைத்தொழில் கருவிகள், சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி ஆகியவையும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை.

சிவில் சிறை என்ற பயமுறுத்தல் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. மற்றவர்களையும் வறுமையின் காரணமாகச் சிறைக்கு அனுப்பக் கூடாது. கட்டும் வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுக்கிறார் என்று நிரூபணமாக வேண்டும் என்று, கொச்சி வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில் 1980இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றும் வழிகாட்டி. நிறைவேற்று மனுவில் நோட்டீஸ் வந்தால், வருமானம், வாடகை, குழந்தைகளின் கல்விச் செலவு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

பணம் கட்டிய பிறகு செய்ய வேண்டியது

தீர்ப்புக்குப் பின் வங்கியில் நேரடியாகப் பணம் கட்டி முடித்தவர்கள் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். கோர்ட்டுக்கு வெளியே கட்டிய தொகையை 21-ஆம் கட்டளை 2-ஆம் விதியின்படி நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத தொகையை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. கட்டிய கடனுக்கே மறுபடி ஜப்தி வரலாம். வங்கி தானாகப் பதிவு செய்யாவிட்டால், கட்டிய 30 நாளுக்குள் கார்டுதாரரே ரசீதுடன் மனுப் போட வேண்டும். வழக்கு நடக்கும்போதே சமரசமானால், வழக்கு முடிந்ததற்கான உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அத்துடன் ‘நோ டியூ’ சான்றிதழ், கார்டு கணக்கு மூடியதற்கான கடிதம் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் கடன் தகவல் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், நிலுவை பூஜ்யம் என்று மாறியிருக்கிறதா என்பது தெரியும். குறைத்துக் கட்டிய கணக்கு ‘செட்டில்டு’ என்றும், முழுதும் கட்டியது ‘குளோஸ்டு’ என்றும் பதிவாகும். முதல் வகைப் பதிவு அடுத்த சில ஆண்டுகளுக்கு வீட்டுக் கடன் போன்றவற்றுக்குத் தடையாகலாம் என்பதால், மிச்சத் தொகையைப் பின்னாளில் கட்டி அதை ‘குளோஸ்டு’ ஆக்க வங்கி ஒப்புகிறதா என்று சமரசக் கடிதம் எழுதும் நாளிலேயே கேட்டு, பதிலை அதே கடிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.